நெய்ப்பந்தம் பிடிக்க முடியாமல் போன பேரனுக்கு

வாசகர் கேள்வி:

அக்கா, எனக்கு 29 வயது. ஊர் சிவகங்கைப் பக்கம். கோலாலம்பூர் வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. பங்சார் சவுத்தில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. ஐரோப்பிய நேரத்துக்குத் தகுந்த மாதிரி பகல் 12 மணியிலிருந்து இரவு 9 மணி வரை ஷிப்ட். பிரிக்ஃபீல்ட்ஸில் இன்னும் மூன்று பேரோடு தங்கியிருக்கிறேன்.

வந்த மூன்றாவது வாரம் என் அப்பத்தா இறந்துவிட்டார். 84 வயது. அம்மாவும் அப்பாவும் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டதால் ஒன்றரை வயதிலிருந்து என்னை வளர்த்தது அவர்தான். காலை 10 மணிக்கு அப்பா போன் செய்தார். ‘நீ வந்து சேர்றதுக்குள்ள எடுத்துருவோம், வராத, வேலையப் பாரு’ என்றார். எங்கள் நிறுவனத்தில் துக்க விடுப்பு பெற்றோர், மனைவி, பிள்ளைகளுக்கு மட்டும்தான். நான் யாரிடமும் கேட்கவில்லை. அன்றும் வேலைக்குப் போனேன். மாலை ஆறரைக்கு அலுவலக அவசரப் படிக்கட்டில் உட்கார்ந்து வீடியோ காலில் பார்த்தேன். பாடையைத் தூக்கும் நேரத்தில் நெட் போய்விட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போனேன்.

இறுதிச் சடங்கில் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பது எங்கள் வழக்கம். ‘நீ நெய்ப்பந்தம் பிடிக்கலேன்னா என் கட்டை வேகாதுடா’ என்று அப்பத்தா சிரித்துக்கொண்டே சொல்வார்.

நாற்பது நாள் அழுகையே வரவில்லை. பிறகு ஒருநாள் பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடையில் வெற்றிலை வாசம் வந்தது, அங்கேயே நின்று அழுதேன். இப்போது தூக்கம் இல்லை. போன வாரம் ஒரே பில்லை இரண்டு முறை பதிந்துவிட்டேன். நண்பர்களோடு மாமாக் கடையில் (இங்கே இந்திய முஸ்லிம்கள் நடத்தும் உணவகம்) சிரித்துவிட்டு வந்தால் குற்றவாளி போல இருக்கிறது. எல்லோரும் ‘கல்யாணச் சாவுதானே’ என்கிறார்கள். துக்கத்துக்கு ஐந்து கட்டம் என்று படித்தேன், நான் எதில் இருக்கிறேன் என்று தெரியவில்லை. அடுத்த மாதம் வேலையில் முதல் மதிப்பீடு. மேலாளரிடம் சொல்வதா? எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கே போய்விடட்டுமா?

ஆலோசகர் பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் ‘அப்பத்தா’ என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இழந்தது தாயை. முதலில் இதை உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். ஒன்றரை வயதிலிருந்து சோறூட்டித் தூங்கவைத்த மடி அது. கல்யாணச் சாவு என்று ஊர் சொல்வது அந்த 84 வருட வாழ்வுக்கு ஊர் கொடுக்கும் மரியாதை. நிறைவாக வாழ்ந்து போனார் என்பது உண்மைதான். அவர் நிறைவாக வாழ்ந்ததால் உங்களுக்கு வலிக்கக் கூடாது என்று அதற்குப் பொருள் இல்லை. கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989-இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார். சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்று ஏற்றுக்கொள்ளாத துக்கம். பாட்டி, நண்பன், மணமாகாத காதலி என்று விடுப்புப் படிவத்தில் பெயர் இல்லாத உறவுகளை இழந்தவர்கள் அழுகையை ஒளித்து வைக்கிறார்கள், ஒளித்து வைப்பதாலேயே அது நீள்கிறது. நீங்கள் படிக்கட்டில் செய்தது அதுதான்.

ஐந்து கட்டக் கணக்கை விட்டுவிடுங்கள். எலிசபெத் கியூப்ளர் ராஸ் 1969-இல் அதை எழுதியது, தாங்களே சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிவிட்டு. உறவைப் பறிகொடுத்தவர் வரிசையாக ஏற வேண்டிய படிகளாக அதைப் பலர் பிறகு மாற்றிக்கொண்டார்கள். ஒன்பது வாரத்தில் ‘எந்தக் கட்டம்’ என்று தேடுவது உங்களை இன்னும் களைப்பாக்கும்.

மாமாக் கடையில் சிரித்தது பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விகளின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

உங்கள் ஊரில் ஒரு கேத வீட்டை நினைத்துப் பாருங்கள். காலையில் ஒருவர் தெருமுனையில் வரும்போதே உள்ளே இருக்கும் பெண்கள் ஒப்பாரி எடுப்பார்கள். வந்தவரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுவார்கள். பத்து நிமிடம். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, ‘மக எப்படி இருக்கா, மழை பெஞ்சுச்சா’ என்று பேச்சு போகும். திண்ணையில் ஆண்கள் சீட்டு ஆடுவார்கள், இறந்தவர் செய்த குறும்பைச் சொல்லிச் சிரிப்பார்கள். பங்காளி வீட்டிலிருந்து சோறு வரும், சாப்பிடுவார்கள். அடுத்த ஆள் வந்ததும் மறுபடியும் அழுகை. பதினாறு நாளும் இப்படித்தான். அந்த வீட்டில் சிரித்தவனை யாரும் துரோகி என்று சொன்னதில்லை. மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் 1999-இல் எழுதியதும் ஏறக்குறைய இதையேதான். மனம் இழப்பின் பக்கமும் வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வர வேண்டும். ஒரு பக்கத்திலேயே நின்றுவிட்டால்தான் சிக்கல்.

நீங்கள் அந்த மாறி மாறிப் போவதைத்தான் இழந்திருக்கிறீர்கள். அழ ஒரு வீடு இல்லை, தெருமுனையில் வந்து கட்டிப்பிடிக்க ஆள் இல்லை. நாற்பது நாளும் ஒரே பக்கம்: ஷிப்ட், பயிற்சி, கூட்டம், கெரிஞ்சி ரயில் நிலையம், அறை. அதனால் அழுகை தானே ஒரு இடம் தேடிக்கொண்டது. வெற்றிலைக் கூடைக்கு முன்னால் நின்று அழுத நாள்தான் உங்கள் கேதத்தின் முதல் நாள் என்று நான் வைத்துக்கொள்கிறேன். அந்தக் கணக்கில் பார்த்தால் நீங்கள் இன்னும் துக்கத்தின் தொடக்கத்தில்தான் இருக்கிறீர்கள். தூக்கம் போவதும், எண்கள் கண்ணில் நிற்காமல் போவதும் இந்த நேரத்தில் வருபவை. உங்களுக்கு மூளை மழுங்கிவிடவில்லை.

‘போயிருக்க வேண்டும்’ என்று உங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் எண்ணத்துக்கு வருகிறேன். நீங்கள் கணக்கர், கணக்காகவே பார்ப்போம். செய்தி வந்தது இங்கே காலை 10 மணி. எடுத்தது இங்கே மாலை 6.30, ஊரில் 4 மணி. நடுவில் எட்டரை மணி நேரம். திருச்சிக்கு நேரே பறந்தாலும் சுமார் நாலு மணி நேரம். இங்கே விமான நிலையத்துக்குப் போக ஒரு மணி, முன்னதாகப் போய்க் காத்திருக்க இரண்டு மூன்று மணி, அங்கே குடிநுழைவு, பெட்டி, பிறகு சிவகங்கை வரை சாலை. விமானம் உங்களுக்காகவே காத்திருந்தாலும் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. உங்கள் அப்பா சொன்னது சரி. அன்று நீங்கள் எந்த முடிவு எடுத்திருந்தாலும் நெய்ப்பந்தம் உங்கள் கைக்கு வந்திருக்காது.

இந்தக் கணக்கு உங்கள் வலியைக் குறைக்கும் என்று நான் நம்பவில்லை. குற்ற உணர்ச்சி கணக்குக்குக் கட்டுப்படாது. ஆனால் ‘காசுக்காகப் போகாமல் இருந்தேன்’ என்பது வேறு, ‘போக முடியாத தூரத்தில் இருந்தேன்’ என்பது வேறு. இரண்டாவதுதான் நடந்தது. அதற்குரிய துக்கத்தை மட்டும் படுங்கள், முதலாவதற்குரிய தண்டனையைச் சேர்த்து வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இந்த நாட்டுத் தமிழர்களுக்கு இந்தத் துக்கம் புதிதில்லை. என் தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஊரில் அவருடைய அம்மா இறந்த செய்தி, மூலையில் கறுப்பு மை தடவிய கடிதமாக ஒரு மாதம் கழித்துத்தான் வந்ததாம். கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார், எழுந்து போய்க் கட்டியிருந்த வேட்டியோடு ஆற்றில் தலைமுழுகினார், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் வாசலில் விளக்கேற்றி வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அந்த வரிசையில் இருந்த யாருக்கும் அந்த அம்மாவைத் தெரியாது. ஆனாலும் துக்கம் கேட்டார்கள். செய்தி தாமதமாக வந்தால் கேட்ட இடத்திலேயே தலைமுழுக நம் முறையில் வழி இருக்கிறது. தூரத்தில் இருப்பவனை நம் பெரியவர்கள் கைவிட்டுவிடவில்லை.

நீங்களும் அப்படி ஒரு நாளைக் குறியுங்கள். வேலை இல்லாத ஒரு ஞாயிறு போதும். காலையில் தலைமுழுகுங்கள். அந்தப் பூக்கடைக்கே போய் வெற்றிலை பாக்கு வாங்குங்கள். அப்பத்தாவின் படம் போனில் இருக்கும், ஒன்றை அச்சிட்டு வையுங்கள். நெய்விளக்கு ஏற்றுங்கள். அது நெய்ப்பந்தத்துக்கு ஈடு என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன், ஆனால் அந்த நெய்யும் நெருப்பும் உங்கள் கையால் ஏற்றியவை. அறையில் இருக்கும் மூன்று பேரையும் அன்று வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். அப்பத்தா வைக்கும் குழம்பு ஒன்றைச் சுமாராகவாவது வைத்து அவர்களுக்குப் போடுங்கள். அவரைப் பற்றிப் பேசுங்கள். அவர்களில் ஒருவருக்கும் தன் பாட்டி கதை வரும், பாருங்கள். சாஸ்திரப்படி செய்ய மனம் இருந்தால், ஆடி அமாவாசைக்கு இங்கே நம்மவர்கள் மோரிப் போன்ற கடற்கரைகளுக்குப் போகிறார்கள். உங்கள் அப்பா உயிரோடு இருப்பதால் நீங்கள் என்ன செய்யலாம் என்று கோயில் குருக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு அப்பாவைக் கூப்பிடுங்கள். அவர்மேல் கோபம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் ‘வராத, வேலையப் பாரு’ என்ற வரியை அப்படியே எழுத்து மாறாமல் தந்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் அவர் தன் அம்மாவை இழந்து நின்றவர் என்பதையும், மகனின் வேலையாவது நிற்கட்டும் என்று நினைத்திருப்பார் என்பதையும் நினைவில் வையுங்கள். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நெட் போன பிறகு என்ன நடந்தது? யார் முன்னால் தூக்கினார்கள், நெய்ப்பந்தம் யார் பிடித்தது, வழியில் மழை இருந்ததா, அப்பத்தா முகம் எப்படி இருந்தது. நீங்கள் காணாத அந்த ஒரு மணி நேரத்தை அவர் வாயால் கேளுங்கள். இதைச் செய்தவர்கள் பலரை என் அறையில் பார்த்திருக்கிறேன். கற்பனை செய்துகொண்டிருப்பதைவிட நடந்ததைக் கேட்டுவிடுவது மேல் என்று சொன்னார்கள். உங்கள் அப்பாவிடமும் இதை யாரும் உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டார்கள்.

மேலாளரிடம் சொல்லத்தான் வேண்டும். மதிப்பீட்டுக்கு முன்னால், கூடுமானால் இந்த வாரமே. காரணம் தெரியாத தவறு திறமைக்குறை என்று பதிவாகும். காரணமும் திருத்தமும் சேர்ந்து வந்தால் அப்படி ஆகாது. ஆனால் ‘பாட்டி இறந்துவிட்டார்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அலுவலகக் காதில் அது மெல்லிய செய்தி. ‘என்னை வளர்த்தவர் இறந்துவிட்டார், எனக்கு அவர்தான் அம்மா. வந்த மூன்றாவது வாரம். அப்போது சொல்ல முடியவில்லை. போன வார இரட்டைப் பதிவுக்கு நான் பொறுப்பு. அடுத்த ஆறு வாரம், மாதக் கணக்கு முடிக்கும் நாள்களில் மட்டும் என் பதிவுகளை இன்னொருவர் ஒருமுறை பார்த்தால் உதவியாக இருக்கும்.’ இவ்வளவுதான். இரக்கம் கேட்கவில்லை, ஒரு ஏற்பாடு கேட்கிறீர்கள். கணக்கு வேலையில் பதிபவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர் என்பது எங்கும் உள்ள முறைதானே.

செய்தி பரவினால் என்ன ஆகும் என்றும் பயப்படாதீர்கள். மலாய்க்கார நண்பர் நெஞ்சில் கைவைத்து ‘தக்சியா’ என்பார், அது அவர்கள் துக்கம் விசாரிக்கும் சொல். சீன நண்பர் ஒருவர் வெள்ளை உறையில் கொஞ்சம் பணம் நீட்டலாம். மறுக்காதீர்கள், கேத வீட்டுச் செலவுக்குத் தோள்கொடுக்கும் அவர்கள் வழக்கம் அது. உங்கள் ஊரில் கேதம் கேட்பதைப் போல இந்த ஊரிலும் கேட்கிறார்கள், ஆனால் யாருக்கும் தெரிந்தால்தான் கேட்க முடியும்.

விடுப்பைப் பற்றி இரண்டு வரி. மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் துக்க விடுப்பு என்று தனியாக ஒன்று கிடையாது, அது நிறுவனம் தருவது. அதனால் உங்கள் ஒப்பந்தத்தையும் கையேட்டையும் ஒருமுறை படியுங்கள், பெற்றோர் இடத்தில் இருந்து வளர்த்தவருக்கும் உண்டா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். இல்லையென்றால் ஆண்டு விடுப்பு இருக்கிறது. இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு 8 நாளுக்குக் குறையாமல் தர வேண்டும் என்பது சட்டம். அந்த நாள்களைச் சிறுகச் சிறுகச் செலவழிக்காமல் தலைத் திவசத்துக்குச் சேர்த்து வையுங்கள். திதி தேதியை அப்பாவிடம் கேட்டு, டிக்கெட்டை எடுத்து, விடுப்பையும் இப்போதே எழுதிக்கொடுத்துவிடுங்கள். போகும் நாள் ஒன்று கையில் இருப்பது இங்கே இருக்கும் நாள்களைத் தாங்கிக்கொள்ள உதவும்.

விட்டுவிட்டு ஊருக்குப் போவது பற்றி என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன்: இப்போது வேண்டாம். போகவே கூடாது என்று சொல்லவில்லை. நீங்கள் திரும்பிப் போக நினைக்கும் வீடு அப்பத்தா இருந்த வீடு. இப்போது அங்கே போனால் அவர் இல்லாததைத் தினமும் அந்தத் திண்ணையில் பார்ப்பீர்கள், கையில் வேலையும் இருக்காது. அந்த வீட்டை முதலில் ஒரு வாரம் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு முடிவெடுங்கள். பணக்கணக்கும் உண்டு. வேலை அனுமதி உங்கள் நிறுவனத்தோடு கட்டப்பட்டது, வேலையை விட்டால் அதுவும் முடியும். வரித்துறை கணக்கு முடித்துக் கொடுக்கும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைப்பார்கள். ஓர் ஆண்டில் 182 நாளாவது இங்கே இருந்திராதவர் பொதுவாக வெளிநாட்டவர் கணக்கில் விழுவார், சம்பளத்துக்கு 30 விழுக்காடு வரி. அவசரமாகக் கிளம்பியவர்கள் இதில் நொந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

தூக்கத்துக்கு ஒரு சின்ன மாற்றம். இரவு பத்துக்கு வந்து, பதினொன்றுக்குச் சாப்பிட்டு, ஊர் நேரம் இரண்டரை மணி பின்னால் இருப்பதால் நள்ளிரவு வரை வீட்டோடு பேசி, பிறகு விடியும்வரை போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்த ஷிப்டில் இருக்கும் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். வீட்டுப் பேச்சைக் காலை பத்து மணிக்கு மாற்றுங்கள். அங்கே ஏழரை, அப்பா காப்பி குடிக்கும் நேரம். அது உங்களுக்குச் சாவுச் செய்தி வந்த நேரமும்கூட. அந்த மணியில் தினமும் வேறு பேச்சு வருவது நல்லது. பசியாறாமல் வேலைக்குப் போகாதீர்கள்.

இதற்கு மேலும் ஆள் தேவைப்படலாம். ஆறு மாதம் தாண்டியும் கொஞ்சமும் தணியாமல் நாளெல்லாம் அவர் நினைவே வாட்டி வேலையும் சாப்பாடும் குலைந்தால், அதைத் தனியாகச் சிகிச்சை வேண்டிய துக்கம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியலே சொல்கிறது. அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் நிறுவனத்தில் ஊழியர்களுக்கு இலவச ஆலோசனை ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள், பேசுவது வெளியே போகாது. வெளியில் பார்ப்பதானால் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று பார்த்துப் போங்கள், தமிழ் பேசுபவர்கள் இருக்கிறோம். குடி கூடினாலோ, ‘நானும் போய்விட்டால் என்ன’ என்ற நினைப்பு ஒருமுறை எட்டிப் பார்த்தாலோ, அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள். அவசரம் என்றால் 999.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாமல் இன்றே செய்யுங்கள். அப்பத்தா அனுப்பிய குரல் பதிவு ஒன்றாவது உங்கள் வாட்ஸ்அப்பில் இருக்கும். ‘சாப்பிட்டியாடா, அங்க தண்ணி ஒத்துக்கிதா’ என்று பத்துப் பதினைந்து நொடி. போன் மாற்றும்போது இப்படித் தொலைத்துவிட்டு வந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதை இன்னோர் இடத்தில் சேமித்து, அப்பாவுக்கும் ஒன்று அனுப்பிவையுங்கள். கேட்பது படுக்கையில் வேண்டாம், விளக்கேற்றும் ஞாயிறன்று, ஆட்கள் கூட இருக்கும்போது கேளுங்கள்.